வாடாத மூலை

"ஏனுங்க அம்மணி... பொதையல் கெடைச்சுதுங்களா?"

முதுகுக்குப் பின்னால் கேட்ட குரலில் ராமாமணி துள்ளி எழுந்தாள். கையிலிருந்த மண்கரண்டி நழுவி விழுந்தது. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை அவசர அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள்.

வரப்பின் மேல் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நல்ல உயரம். முழங்கால் வரை மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு துண்டு. முகத்தில் இருப்பது கோபமா, சிரிப்பா... கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கண்கள் மட்டும்... அம்மாடி! எவ்வளவு தைரியமாகப் பார்க்கின்றன!

"பொதையல் இல்லீங்க, மண்ணு" என்றாள்.

"மண்ணுங்களா? அதை எதுக்குத் திருடோணும்? கேட்டா ஒரு வண்டி குடுத்திருப்பனே!"

அவளுக்குச் சுருக்கென்றது. "ஆரும் திருடலீங்க. ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்தேன், தோட்டத்துல ஆளே இல்லை. நான் லாலி ரோட்டு விவசாய ஆராய்ச்சிக்கூடத்துல உதவியாளரா இருக்கேன். வாடல் நோய் வந்த பருத்திக் காட்டுல மண் எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"நோய் வந்தது அந்தப் பக்கமுங்க. நீங்க தோண்டறது நல்லா இருக்கற மூலை."

"அதனாலதான் இங்கே தோண்டறேன்!"

சொல்லும்போதே அவள் குரல் உயர்ந்துவிட்டது. சிங்காநல்லூருக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் கரிசலில் விதைத்திருந்த கருங்கண்ணிப் பருத்தி முழுவதும் மஞ்சள் பூத்துத் தலை தொங்கிக் கிடந்தது. ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. விதைத்து ஒரு மாதம் ஆவதற்குள் இப்படி! ஆனால் இந்த வடக்கு மூலையில், ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவு இடத்தில் மட்டும், செடிகள் பச்சைப் பசேல் என்று நிமிர்ந்து நின்றன.

"சுத்தியும் வாடிக் கெடக்குது. இங்க மட்டும் ஒரு செடி வாடலை. ஏன்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"

அவன் சிரிப்பு அடங்கியது. "தோணுதுங்க... தெனமும் தோணுது. அப்பா இருந்தப்போ அங்க ஆட்டுப்பட்டி போட்டிருந்தாங்க. பத்து வருஷம் ஆடு அடைஞ்ச எடம். எரு சாஸ்தின்னு நெனைச்சு மத்த பக்கமும் வண்டி வண்டியா எரு கொட்டிப் பாத்தேன். ஒண்ணும் ஆகலீங்க."

"அப்படின்னா எரு மட்டும் காரணம் இல்லை!" ராமாமணி மறுபடி குனிந்து கரண்டியை எடுத்தாள்.

"அம்மணி... நான் இன்னும் சரின்னு சொல்லலீங்களே."

நிமிராமலேயே, "சரியான பிச்சோடு" என்று தெலுங்கில் முணுமுணுத்தாள். வீட்டில் பேசுகிற மொழி. பைத்தியக்காரன் என்று சொன்னது இவனுக்கு எங்கே புரியப்போகிறது?

"பிச்சோடு பேரு நரசிம்மலுங்க" என்றான் அவன்.

ராமாமணியின் காது மடல் வரை சூடேறியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனோ வாய்விட்டுச் சிரித்தான். "எங்க ஊட்டுலயும் தெலுங்குதானுங்க. அம்மா என்னைத் தெனம் கூப்பிடற பேருதான். பரவால்லை, எடுத்துக்குங்க மண்ணு."

அவள் என்ன சொல்லியிருப்பாளோ... அதற்குள் வானம் பொத்துக்கொண்டது. மலைப்பக்கமிருந்து கறுத்து வந்த மழை காட்டின் மேல் சடசடவென்று இறங்கியது. மண் டப்பாக்களை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஓட, அவன் கரண்டியையும் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். கிணற்றோரம் இருந்த மோட்டார் ரூம்பு ஒன்றுதான் ஒதுங்க இடம். வாசற்படியின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். நெற்றியில் ஒட்டிய கூந்தலை ஒதுக்கினாள். அவன் சட்டென்று மழையைப் பார்க்கத் தொடங்கினான். அந்தக் கண்களுக்குக் கூச்சமும் உண்டா!

காய்ந்த கரிசல் மழையைக் குடிக்க, குப்பென்று எழுந்தது வாசனை.

"ஆஹா... மண்ணு வாசம்!" என்றான் நரசிம்மலு.

"அது மண்ணோட வாசம் இல்லீங்க."

"பின்னே?"

"மண்ணுல இருக்கற உயிரோடது. கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை நூல் மாதிரி ஓடும். டி.பி.க்கு ஊசி போடறாங்களே, அந்த மருந்தே இந்தச் சாதி உயிருகிட்ட இருந்துதான் வந்துது." கூச்சம் போய்விட்டது அவளுக்கு. கைகள் காற்றில் பறந்தன. "ஒரு சிட்டிகை மண்ணுல கோடிக்கணக்குல இருக்குதுங்க. அதுகளுக்குப் பாக்கக் கண்ணு இல்லை, பேச வாய் இல்லை. ஆனா ஒவ்வொண்ணும் ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். பக்கத்துல இருக்கறதுக்கு அது எட்டும். சிலது 'வா'ன்னு சொல்ற ரசாயனம். சிலது 'கிட்ட வராதே'ன்னு வெரட்டற ரசாயனம். வாடலைக் கொண்டுவர்றது ஒரு பூஞ்சை. அதை ஏதோ ஒண்ணு இந்த மூலையில வெரட்டுது. அது எதுன்னு கண்டுபிடிச்சா..."

மூச்சு வாங்க நிறுத்தினாள். அவன் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்டுபிடிச்சா?" என்றான் மெதுவாக.

"காடு முழுக்கக் காப்பாத்தலாம்."

நரசிம்மலு தன் வீட்டு நிலவரத்தைச் சொன்னான். அண்ணன் சுந்தரராஜுலு மில்லில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷமாகப் பருத்தி போயிற்று. இந்தக் காட்டை மில்லுக்கே கொடுத்துவிடலாம், தொழிலாளர் குடியிருப்புக் கட்டுவார்கள் என்கிறார். மார்கழி கடைசி வெள்ளிக்கிழமை அளக்க வருகிறார்கள். "அண்ணன் மேல தப்பில்லீங்க. வாடற காட்டை வெச்சுட்டு என்ன பண்றதுன்னு கேக்கறாரு. எங்கிட்ட பதில் இல்லை. அதுக்குள்ள நீங்க ஒரு பதில் சொல்லிப்போட்டா..."

"ஆறு வாரம் குடுங்க" என்றாள் ராமாமணி. சொன்ன பிறகுதான், எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது.

"ஆறு வாரமுங்களா? அதுக்கு நான் என்ன செய்யோணும்?"

"வாரா வாரம் அந்த மூலை மண்ணு வேணும். ஈரம் காயாம."

"அவ்வளவுதானுங்களா! வியாழக்கிழமை வியாழக்கிழமை சந்தைக்குப் போறப்போ நானே கொண்டாந்து குடுக்கறேன்."

வியாழக்கிழமைகள் வந்தன.

சைக்கிளில் பத்துப் பன்னிரண்டு மைல் மிதித்து வருவான். ஈரத் துணி சுற்றிய டப்பாவை மேஜைமேல் வைப்பான். "வெள்ளாமை எப்புடிங்க?" என்று அவளுடைய கண்ணாடித் தட்டுகளைப் பார்த்துக் கேட்பான். அவற்றில் பொட்டுப் பொட்டாக வளர்ந்திருக்கும் உயிர்களை அவள் காட்டுவாள்.

"இந்தா, இந்தச் சாம்பல் நெறப் பொட்டு. பதினேழாம் நம்பர். நீங்க கொண்டாந்த அத்தனை டப்பாவுலயும் இது இருக்குது."

"எங்க ஊட்டு ஆளுங்களா அது! நல்லாக் கவனிச்சுக்குங்க அம்மணி. பட்டினி போட்டுறாதீங்க."

"உங்களைவிட நல்லாத்தான் சாப்பிடுது."

"அப்ப ஒரு நாள் எனக்கும் இங்க சோறு உண்டுங்களா?"

பதிலுக்கு முறைப்பாள். அவன் "வாரேனுங்க" என்று சிரித்துக்கொண்டே போவான். சைக்கிள் மணி கேட்டு மறைகிற வரை அவள் கை எழுதாது.

மூன்றாவது வியாழக்கிழமை காலையில், கண்ணாடி முன் நின்று இரண்டாவது முறையாகப் புடவை மாற்றுகிற தன்னைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது. 'மண்ணு குடுக்க வர்ற ஆளுக்கு எந்தப் புடவையா இருந்தா என்னவாம்?' என்று தன்னையே கடிந்துகொண்டாள். கடிந்துகொண்டு... நீலப் புடவையையே கட்டிக்கொண்டு போனாள்.

ஆனால் ஆறாவது வாரம் எல்லாம் கவிழ்ந்தது.

பதினேழாம் நம்பரைத் தனியே பிரித்து, வேறெதுவும் கலக்காமல், குடுவையில் சுத்தமாக வளர்த்திருந்தாள். அது வளர்ந்த சாற்றை வடிகட்டி, வாடல் பூஞ்சை இருக்கும் தட்டின் நடுவே விட்டாள். சாற்றில் விரட்டும் ரசாயனம் இருந்தால் அதைச் சுற்றிப் பூஞ்சை வராமல் தெளிவாக ஒரு வட்டம் விழ வேண்டும். முதல் நாள் பார்த்தாள். இரண்டாம் நாள் பார்த்தாள். மூன்றாம் நாள்... பூஞ்சை அதன்மேலேயே பஞ்சு விரித்தது போலப் படர்ந்திருந்தது. வட்டம் இல்லை. ஒன்றுமே இல்லை.

பிரிவின் தலைவர் கோபாலசாமி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல மனிதர். ஆனால் பொய் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். "வேலை செய்யலைம்மா. எழுதி மூடிடு. அடுத்ததைப் பார்க்கலாம்."

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும் நரசிம்மலு? வாசலில் டப்பாவோடு நின்றான். கோபாலசாமி முன்னால், மற்ற உதவியாளர்கள் முன்னால், அவள் தலை நிமிர முடியவில்லை.

"என்னங்க அம்மணி... முகமே சரியில்லை?"

"உங்க மூலை மண்ணுல ஒண்ணும் இல்லீங்க. பதினேழாம் நம்பர் எதையும் சுரக்கலை. உங்க அண்ணன் சொல்றபடியே செஞ்சுக்குங்க."

அவன் முகம் ஒரு கணம் இருண்டது. பிறகு அந்தக் குடுவையை உற்றுப் பார்த்தான். "இதுக்குள்ள அது ஒண்டியாவாங்க இருக்குது?"

"ஆமா. சுத்தமா, தனியா."

"காட்டுல அது ஒண்டியா இல்லீங்களே அம்மணி. பக்கத்துலயே எதிராளி இருக்குது. எதிராளியே இல்லாத எடத்துல அது எதுக்குங்க ஆயுதம் எடுக்கோணும்?"

யாரோ ஒருவர் பின்னால் களுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா... ராமாமணிக்குத் தெரியவில்லை. அவமானம் உள்ளே பற்றி எரிந்தது.

"நீங்க ஏர் ஓட்டற வேலையைப் பாருங்க. இந்த வேலையை நாங்க பாத்துக்கறோம்!"

நரசிம்மலு டப்பாவை மெதுவாக மேஜையில் வைத்தான். ஈரத் துணியை ஒழுங்காகச் சுற்றிவிட்டான்.

"சரிங்க" என்றான். "போறேனுங்க."

எப்போதும் 'வாரேனுங்க' என்பவன். 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனதை, சைக்கிள் தெருவைத் தாண்டிய பிறகுதான் அவள் உணர்ந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை அவன் வரவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்ட போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். தபால்காரர். பால்காரர். எவர் எவரோ.

'அப்படி என்ன கேட்டுவிட்டார் அவர்? படித்தவர்கள் கேட்க மறந்ததைத்தானே கேட்டார்?'

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. சோற்றில் கை வைத்தால் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் வந்தது. எதிராளியே இல்லாத இடத்தில் எதற்கு ஆயுதம்? மண்ணில் எந்த உயிர்தான் தனியாக வாழ்கிறது? ஒன்று சுரப்பது இன்னொன்றை எட்டும் என்று மோட்டார் ரூம்பு வாசலில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்! எட்டியதும் அந்த இன்னொன்று பதில் சொல்லாதா? அந்தப் பதில்தான் இந்த ரசாயனமாக இருந்தால்...?

வெள்ளிக்கிழமை காலை அவள் மூன்று குடுவைகள் எடுத்தாள். ஒன்றில் பதினேழாம் நம்பர் மட்டும். ஒன்றில் பூஞ்சை மட்டும். மூன்றாவதில் இரண்டும்... சேர்த்தே.

ஒன்பது நாள் காத்திருந்தாள். வடிகட்டினாள். தட்டில் விட்டாள். மூன்றாம் நாள் காலை, தட்டுகளை வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள்.

முதல் தட்டில் பஞ்சு. இரண்டாவதிலும் பஞ்சு.

மூன்றாவதில்... நடுவில் ஒரு வட்டம்! நிலாவைப் போலத் தெளிந்து, ஒரு நூல் பூஞ்சை கூட உள்ளே நுழையாமல்!

"சார்...!"

அவள் போட்ட சத்தத்தில் கோபாலசாமி மூக்குக்கண்ணாடி இல்லாமலே ஓடி வந்தார். பார்த்தார். ஓடிப்போய்க் கண்ணாடி எடுத்து வந்து மறுபடி பார்த்தார். "இன்னும் ரெண்டு தடவை செய். மூணு தடவையும் வந்தால் நம்புகிறேன்" என்றார். ஆனால் அவர் விரல்களும் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

இரண்டாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை, மார்கழியின் கடைசி வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, வந்தேவிட்டது!

"ரெண்டையும் சேர்த்து வளர்த்துப் பார்க்கலாம் என்கிற யோசனை உனக்கு எப்படிம்மா வந்தது?" என்றார் கோபாலசாமி.

ராமாமணியின் பேனா நோட்டுப்புத்தகத்தின் மேல் நின்றது. 'எனக்கே தோன்றியது சார்' என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒரே ஒரு கணம்தான்.

"எனக்கு வரலை சார். சிங்காநல்லூர் நரசிம்மலுவுக்கு வந்தது. நான்தான் அவர் சொன்னதைக் காதுல வாங்காம அனுப்பிட்டேன்" என்றாள். சொன்னதை அப்படியே எழுதினாள், அவன் பெயரோடு. எழுதி முடித்ததும்தான் நாள் நினைவுக்கு வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை!

"சார், எனக்கு இன்னைக்கு லீவு வேணும்!"

பதிலுக்கு நிற்கவில்லை. பஸ் நத்தை மாதிரி ஊர்ந்தது. சிங்காநல்லூரில் குதித்து இறங்கியவள், வண்டித்தடத்தில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தூரத்திலேயே தெரிந்துவிட்டது... காட்டில் இரண்டு ஆட்கள் அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரப்போரம் முளைக்குச்சிகள். பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர். சுந்தரராஜுலுவாகத்தான் இருக்க வேண்டும்.

"நிறுத்துங்க...! அளக்காதீங்க...!"

சங்கிலி நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். அவர்களுக்கு அப்பால், குனிந்திருந்த ஒருவன் நிமிர்ந்தான். நரசிம்மலு.

"இருக்குதுங்க!" மூச்சிரைக்கச் சொன்னாள். "உங்க மூலை மண்ணுல இருக்குது. பதினேழாம் நம்பர் தனியா இருந்தா சும்மா இருக்குது. பூஞ்சை பக்கத்துல வந்தாத்தான் சுரக்குது. நீங்க சொன்னதேதான்! மூணு தடவை பாத்துட்டேன். இந்தக் காட்டைக் காப்பாத்தலாமுங்க..."

"வாங்க" என்றான் நரசிம்மலு. "நானும் ஒண்ணு காட்டோணும்."

நோய் விழுந்து எல்லாம் செத்துப்போன நடுக்காட்டில், எட்டு வரிசை இளம் பருத்தி நின்றது. ராமாமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு வரிசை பச்சை. ஒரு வரிசை மஞ்சள். ஒரு வரிசை பச்சை. ஒரு வரிசை மஞ்சள்...

"ஒரு வரிசைக் குழியில மூலை மண்ணு. அடுத்த வரிசையில இந்த எடத்து மண்ணு. வெதை ஒண்ணுதான், தண்ணி ஒண்ணுதான்" என்றான். "நீங்க திட்டி அனுப்பின மறுநாள் போட்டதுங்க. அண்ணனுக்கு இதைத்தான் காட்டிட்டு இருந்தேன். நம்ப மாட்டேங்கறாரு, அளந்துட்டே இருக்கறாரு."

சுந்தரராஜுலு வரிசைகளைப் பார்த்தார். மண்ணும் வியர்வையுமாக நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "ஆராய்ச்சிக்கூடத்துல இதைக் காயிதத்துல எழுதிக் குடுப்பாங்களா அம்மணி?"

"எழுதியாச்சுங்க. உங்க தம்பி பேரும் அதுல இருக்குது."

அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "சரி. ஒரு வருசம். அதுக்கு மேல கேக்கப்படாது." சங்கிலிக்காரர்களைக் கைகாட்டி அழைத்துக்கொண்டு நடந்தவர், திரும்பாமலே சொன்னார்: "இவங்களுக்குக் காப்பி குடுத்து அனுப்பிப்போட்டு வாரேன். மெதுவாத்தான் வருவேன்."

காற்றில் பச்சை இலைகள் சலசலத்தன. நரசிம்மலு வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். தட்ட மண்ணே இல்லாத இடத்திலும் தட்டினான்.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னால உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் ராமாமணி. "கோவமில்லீங்களா?"

"கோவந்தானுங்க. ஊட்டுக்கு வர்ற வரைக்கும் கோவந்தான்."

"அப்புறம் எதுக்கு இந்த எட்டு வரிசை? நான்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேனே."

அவன் கீழே பார்த்தான். "நீங்க தோத்துப்போயிட்டீங்கன்னு எனக்கு மனசு ஒப்பலீங்க. காடு போனாப் போச்சுன்னு கூட அன்னைக்கு ராத்திரி அண்ணன்கிட்ட சொல்லிப்போட்டேன். ஆனா அன்னைக்கு அந்தத் தட்டைப் புடிச்சுட்டு நீங்க நின்னீங்களே... அந்த முகம்... அதை மட்டும் என்னால தாங்க முடியலீங்க."

ராமாமணியின் கண்கள் நிறைந்துவிட்டன. மறைக்கவில்லை. இத்தனை நாள் மறைத்தது போதும்.

"எங்க ஊடு புலியகுளத்துல" என்றாள். "அப்பா பேரு வரதராஜுலு. ஞாயித்துக்கிழமை ஊட்டுல இருப்பாங்க. நீங்க வரோணும்."

"மண்ணைப் பத்திப் பேசறதுக்குங்களா?"

"இல்லை... என்னைப் பத்திப் பேசறதுக்கு."

நரசிம்மலு நிமிர்ந்தான். முதல் நாள் அவ்வளவு தைரியமாகப் பார்த்த கண்களில் இப்போது தைரியம் துளியும் இல்லை. உதடு ஏதோ சொல்லப் பார்த்துத் தடுமாறியது.

"அம்மணி... எனக்கு அழகாப் பேச வராதுங்க. உங்களை ரொம்பப் புடிச்சிருக்குது. எப்ப இருந்துன்னு கேட்டாச் சொல்லத் தெரியலை. இனி நீங்க இல்லாம ஆகாது. அது மட்டும் தெரியுது."

"எனக்கும்தான்" என்றாள் அவள். அவ்வளவுதான் முடிந்தது.

அவன் சிரித்தான். அழுகிறானோ என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்து, கவலையோடு கேட்டான்:

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் கெடக்குதுங்களே... நாளைக்கே வந்தா உங்க அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"